ஒரு நாள் நின்ற தண்ணீர்

1

பிள்ளைகளே, உங்கள் மாலை வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு மலேசியாவைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பு என்று என் அண்ணன், அதாவது உங்கள் சார், இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் வருஷம் சோம்பலில் எழுதவில்லை. போன வருஷம் வேறு காரணம். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். உயரமான கட்டடங்களைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருந்தால், நான் இருக்கும் இடத்தில் அவை இல்லை. இது வாலுள்ள இரண்டு சின்னப் பிராணிகளைப் பற்றியது.

நான் இருப்பது மலாக்கா மாநிலத்தில் தங்கா பத்து என்ற கடலோரப் பகுதி. பக்கத்தில் புக்கிட் ரம்பாயில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. ஆனால் வேலை தேடி வந்தவன் இல்லை, மாப்பிள்ளையாக வந்தவன். என் மனைவி செலின் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய குடும்பம் நம் பக்கத்து ஊரிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தது. சொந்தம் விட்டுப்போகாமல் இருந்ததால் சம்பந்தம் கூடியது. பதின்மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள், ஏஞ்சலின். அஞ்சு என்று கூப்பிடுவோம். பதினொரு வயது.

செலின் இறந்து ஒரு வருஷம் ஆனதற்குப் போன மாதம் ஒரு சனிக்கிழமை கோயிலில் பூசை வைத்தோம். திங்கட்கிழமை காலை அவளுடைய போன் அடித்தது. அந்த போனை நான் நிறுத்தவில்லை. சார்ஜ் போட்டு அலமாரி மேலே வைத்திருக்கிறேன். 

"செலின் அக்கா நம்பர்தானேண்ணே? ஜமால் பேசுறேன், மீன் கடையிலேர்ந்து. அக்கா ஆர்டர் பண்ணிருந்தாங்கல்ல, நியூட்டு, அது வந்திருச்சு. ரெண்டு. இன்னிக்கே வந்து எடுத்துக்கிட்டா நல்லது."

எனக்கு அது 'நோட்டு' என்று காதில் விழுந்தது. அஞ்சுவுக்குப் பள்ளிக்கூட நோட்டு சொல்லி வைத்திருப்பாள் போல. மீன் கடைக்காரர் எதற்கு நோட்டு விற்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு வருஷமாக எனக்கு எதுவும் உடனே தோன்றுவதில்லை.

"கோடு போட்டதா, போடாததா?" என்று கேட்டேன்.

"கோடு இல்லண்ணே, புள்ளி போட்டது. செவப்புல கறுப்புப் புள்ளி."

இந்த ஊரில் அப்படியும் நோட்டு வருகிறது போல என்று நினைத்து, வேலை முடிந்ததும் ஒரு துணிப்பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கடை முழுக்க வளர்ப்பு மீன் நீந்தும் கண்ணாடித் தொட்டிகள். தாடி வைத்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தமிழ் முஸ்லிம். நம் ஊர்ப் பழக்கத்தில், "பாய், நோட்டு வாங்க வந்தேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "பாய்னா இங்க பஞ்சாபிக்காரங்கண்ணே. என்னை ஜமால்னே கூப்பிடுங்க. என்னா நோட்டு?"

பிறகுதான் ஒரு நுரைப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் பல்லி போல வாலுள்ள இரண்டு பிராணிகள். நியூட்டு என்பது இதுதான். என் சுண்டுவிரல் நீளம். முதுகு கன்னங்கறுப்பு. ஒன்று புரண்டபோது வயிறு தெரிந்தது. நெருப்புச் சிவப்பு, நடுவில் கறுப்புப் புள்ளிகள்.

"அக்கா வரலையா?"

"அவங்க தவறிட்டாங்க. ஒரு வருஷம் ஆச்சு."

ஜமால் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "இன்னா லில்லாஹி" என்று மெதுவாகச் சொன்னார். 

"நாலஞ்சு தடவ வந்து கேட்டாங்கண்ணே. கேமரன் மலைல ஒருத்தர்தான் இத வளக்குறாரு. குஞ்சு பெருசானாத்தான் குடுப்பேன்னு இழுத்துக்கிட்டே போனாரு. மகளுக்குப் பத்தாவது பொறந்தநாளு, அப்பாவுக்குக்கூடச் சொல்லலன்னாங்க."

"அவளுக்குப் பதினொன்னு ஆயிருச்சு."

"அப்ப... வேணாமாண்ணே?"

"குடுங்க" என்றேன்.

2

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

நம் ஊரில் நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும். வரும்போது டிரம், குடம், வாளி, சமையல் அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். உங்கள் வீடுகளிலும் இன்று அப்படித்தான் என்று அண்ணன் சொல்கிறார். அப்படி வளர்ந்தவன் நான். இங்கே வந்த முதல் நாள் குழாயைத் திருப்பினேன், வந்தது. மத்தியானம் திருப்பினேன், வந்தது. மறுநாளும் வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைக்குப் போய் ஆறு வாளி வாங்கி வந்து நிரப்பி வைத்தேன்.

செலின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, தண்ணி என்ன எங்கயாச்சும் ஓடிப்போயிருமா?"

ஒரு தடவை ஓடித்தான் போனது. எங்கேயோ குழாய் உடைந்து இரண்டு நாள் தண்ணீர் இல்லை. எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும், சீனர், மலாய்க்காரர், நம்மவர், பாத்திரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கு நான்தான் பெரிய ஆள். அதற்குப் பிறகு செலின் கேலி செய்யவில்லை. அவளே பாசாரிலிருந்து, அதாவது சந்தையிலிருந்து, மூடி போட்ட பெரிய சிவப்பு வாளி ஒன்று வாங்கித் தந்தாள். "இந்தாங்க, ஒங்க சொத்து" என்றாள்.

சில வருஷம் கழித்து அந்த மூடி உடைந்தது. வாளி மேல் ஒரு பலகையைப் போட்டு வைத்தேன். புது மூடி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதம் நினைத்தேன்.

செலினுக்கு வந்தது டிங்கிக் காய்ச்சல். நம் ஊரில் டெங்கு என்பீர்கள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். இங்கே அது வழக்கம். ஒருவருக்கு டிங்கி என்றால் அந்தத் தெரு முழுக்கப் பார்த்துப் புகை அடிப்பார்கள். வயசான மலாய்க்காரர் ஒருவர் வீட்டின் பின்பக்கம் போய்ப் பலகையை நகர்த்தி, வெள்ளைக் கரண்டியால் சிவப்பு வாளித் தண்ணீரை மொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். "அடா" என்றார்.

என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். மலாயில் 'அடா' என்றால் 'இருக்கிறது' என்று அர்த்தம். கரண்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அஞ்சு என் பக்கத்தில் நின்றுகொண்டு கரண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கொசு எங்கிருந்தும் பறந்து வந்திருக்கலாம், மூன்று வீட்டில் புழு இருந்தது, இந்த வாளிதான் என்று யாராலும் சொல்ல முடியாது என்று அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நோட்டீசில் கையெழுத்துப் போட்டேன். எல்லா வாளியையும் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நின்றதில்லை. அஞ்சு அந்த வாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டு டிரம்களுக்கு மூடி இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். படித்து முடித்துவிட்டுப் போனால் போதும். ஆனால் போங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜொகூரில் இருக்கும் செலினின் அக்கா ரெஜினா, அஞ்சுவைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. "பொம்பளப் புள்ள தம்பி. நீங்க ஷிப்ட்டுக்குப் போயிட்டா வீட்ல யாரு இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். நான் யோசிக்கிறேன் என்பேன். யோசனை வராது. நான் இந்த நாட்டில் இருப்பது செலினின் கணவன் என்ற முறையில் வருஷா வருஷம் தரும் பாஸில், அதாவது தங்கும் அனுமதியில். அவள் இல்லை. இனி மகளைப் பார்த்துக்கொள்பவன் என்றுதான் கேட்க முடியும். அஞ்சு பெரியம்மாவிடம் போய்விட்டால் நான் இங்கே இருக்கக் காரணம் எதுவும் இல்லை. பாஸ் அடுத்த மாதம் முடிய இருந்தது. அஞ்சுவுக்கு யாரோடு இருக்க ஆசை என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருந்தது.

3

பெட்டியைத் திறந்ததும் அஞ்சு கத்தவில்லை, குதிக்கவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"யாரு வாங்குனது?"

"அம்மா. போன வருஷமே சொல்லி வச்சிருந்தாங்களாம். இப்பத்தான் வந்திருக்கு."

பையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"தண்ணிப் பல்லி நல்லாத்தான் இருக்கு" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"பல்லி இல்லப்பா. ஆம்ஃபிபியன் லா. தவள சொந்தக்காரன். பல்லின்னு சொல்லாதீங்க, அதுங்களுக்குக் கேக்கும்." பேச்சில் 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கம்.

நியூட்டை வீட்டில் பழக்குவது எப்படி என்று ஜமால் எனக்குச் சொன்னதை எழுதுகிறேன். முதலாவது, அதற்குக் குளிர்ச்சி வேண்டும். மலாக்கா வெயில் ஆகாது. இருபது, இருபத்திரண்டு டிகிரிக்குள் தண்ணீர் இருக்க வேண்டும். இது எனக்குப் பிடிபட்டது. தொழிற்சாலையில் என் வேலையே அச்சுகளைக் குளிர வைக்கும் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பதுதான். ஜமால் கடையிலேயே வாங்கிய கண்ணாடித் தொட்டியை ஜன்னலுக்குத் தூரமாக, நடு அறைத் தரையிலேயே வைத்தோம். சின்னப் போத்தல்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாகத் தொட்டியில் மிதக்க விட்டோம். மேலே காற்றுப் படும்படி மேசை விசிறி. காலையில் அஞ்சு போத்தல் மாற்றுவாள், வேலையிலிருந்து வந்து நான்.

இரண்டாவது, ஒளிந்துகொள்ள இடம். பாதித் தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்தோம். ஏறி உட்காரக் கல். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே ஏறி வெளியே போய்விடும் என்பதால் வலை மூடி, நாலு மூலையிலும் கிளிப்பு. கையால் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதன் தோலில் விஷம் இருக்கிறது. நம் கையிலும் அதற்கு ஆகாதது ஏதாவது இருக்கும்.

மூன்றாவதுதான் கஷ்டம். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. அதில் கிருமி கொல்லும் மருந்து கலந்திருக்கிறது. "வாளில புடிச்சு ஒரு நாளு வைங்கண்ணே. மூடாம வைங்க, மருந்து வெளிய போகணும். வாரத்துக்கு ஒரு தடவ கால்வாசித் தண்ணி மாத்தணும், அதுவும் நின்ன தண்ணியாத்தான் இருக்கணும்" என்றார் ஜமால்.

"மருந்தை எடுக்க வேற மருந்து இருக்குமே" என்றேன்.

"இருக்கு. ஆனா இதுங்க தோலு ரொம்ப மெலுசு. நின்ன தண்ணிதான் பெஸ்ட்டு."

முதல் நாளுக்குப் போதுமான தண்ணீரை அவரே தன் கடையிலிருந்து இரண்டு கேனில் தந்தார். அதைத் தொட்டியில் ஊற்றிப் பையை மிதக்க விட்டோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பையைச் சாய்த்ததும் இரண்டும் நேராகச் சிரட்டைக்குள் போய்விட்டன. அவ்வளவுதான். வால் நுனி மட்டும் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்ற வேண்டும். சனிக்கிழமை ஒரு வாளி வாங்கி வந்தேன். நீல நிறம். குழாயின் கீழே வைத்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அஞ்சு வந்து குழாயைத் திருப்பினாள். நிரம்பியதும் மூடினாள். நான் என் பழைய வேட்டியைக் கிழித்து, காற்றுப் போகட்டும் என்று இரண்டு மடிப்பாக வாளியின் வாயில் கட்டி ரப்பர் வளையம் போட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க அந்த வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சி ஓடியது. அஞ்சு பாடம் எழுதினாள். 

4

அவை சாப்பிடவில்லை.

உறைய வைத்த சிவப்புப் புழு, கடையில் விற்பது. அதை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மண்புழுவை வெட்டிப் போட்டேன். அதன் மேலேயே மிதித்துப் போயின. ஒரு வாரம் போயிற்று. ஜமாலுக்கு போன் செய்தேன்.

"புது எடம்ணே. கொஞ்ச நாளு சாப்பிடாமக் கெடக்கும். ரெண்டு வாரம் தாண்டுனாத்தான் பயம்."

அஞ்சு அதற்குள் பெயர் வைத்துவிட்டாள். முதுகு அதிகம் கறுப்பாக இருப்பது கிச்சாப்பு, அதாவது இங்கே சோற்றில் ஊற்றிக்கொள்ளும் கறுப்புச் சாறு. வயிறு அதிகம் சிவந்தது சம்பால், மிளகாய்த் துவையல். "கிச்சாப்பு பசியாறிட்டானா?" என்று பள்ளி விட்டு வந்ததும் கேட்பாள். இங்கே காலை உணவு சாப்பிடுவதைப் பசியாறுவது என்பார்கள். நம் ஊரில் அது புத்தகத்தில்தான் இருக்கிறது. எனக்கு இந்த ஊர்த் தமிழில் பிடித்த சொல் அதுதான். அந்த வாரம் அதற்குத் தினமும் "இல்லை" என்று பதில் சொன்னேன்.

சொல் என்றதும் ஞாபகம் வருகிறது. அஞ்சு முதல் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளிப் படிவத்தில் 'ஆயா' என்ற இடத்தில் பெயர் எழுதச் சொன்னார்கள். எங்களுக்கு ஆயா கிடையாது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். செலின் அங்கேயே சுவரில் சாய்ந்து சிரித்தாள். மலாயில் ஆயா என்றால் அப்பா. அதன் பிறகு கோபம் வந்தால் செலின் என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவாள். அஞ்சு வெளியே மலாய் பேசும்போது நான்தான் ஆயா. அவள் கனவில் என்ன மொழி பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. தமிழில் கேட்டால் பாதிப் பதில் ஆங்கிலத்தில் வருகிறது. சண்டை போட்டால்தான் முழுத் தமிழ் வரும். சண்டையும் ஒரு வருஷமாக இல்லை.

பத்தாம் நாள் ரெஜினா அக்கா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அஞ்சு, ஸ்கூல் லீவுக்கு வர்றியா? வந்து பாரு. புடிச்சிருந்தா இங்கயே ஸ்கூல் மாத்திக்கலாம். ரூம்லாம் ரெடியா இருக்கு."

அஞ்சு தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "தெரியல பெரியம்மா" என்றாள்.

"என்னாத்த தெரியல? ஒங்கப்பா போல நீயும் தெரியல தெரியலங்கிற."

5

பாஸ் விஷயமாகக் குடிநுழைவு அலுவலகம், அதாவது இமிகிரேஷன் ஆபீஸ், போனோம். பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின வருஷங்களில் செலின்தான் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாள். நான் எண் அழைப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை இறப்புச் சான்றிதழ், அஞ்சுவின் பிறப்புச் சான்றிதழ், தொழிற்சாலைக் கடிதம், பள்ளிக் கடிதம் எல்லாம் ஒரு கோப்பில். கடிதங்கள் வந்து சேரத் தாமதமாகி, போவதாக இருந்த நாள் தள்ளிப் போய், அந்த வாரம் தண்ணீர் மாற்றவும் மறந்துவிட்டோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கவுண்டரில் இருந்தவர் மலாய்ப் பெண்மணி. என் வயது இருக்கும். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். செலினின் சான்றிதழ் வந்தபோது நிமிர்ந்து, வருத்தம் தெரிவித்தார். பிறகு பிள்ளை யாரோடு இருக்கிறாள், உதவிக்கு உறவினர் உண்டா என்று மலாயில் கேட்டார். எனக்குப் பொய் வராது. ஜொகூரில் இருக்கும் பெரியம்மா கூப்பிடுகிறார் என்று உடைந்த மலாயில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அஞ்சுவிடம் நேராகக் கேட்டார். பாப்பா, நீ பெரியம்மாவோடு ஜொகூருக்குப் போகிறாயா?

நான் கவுண்டரின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு துண்டு டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தக் போலே, புவான்" என்றாள் அஞ்சு. முடியாது அம்மா. "என் நியூட்டுக்கு இன்னும் பழகல."

இதை அவள் மலாயில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"நியூட்டா? அது என்ன, சாப்பிடுற சாமானா?"

"இல்ல புவான். சிச்சாக் மாதிரி இருக்கும். ஆனா சிச்சாக் இல்ல." சிச்சாக் என்றால் பல்லி. பல்லி என்று சொல்லாதே என்று என்னைத் திட்டியவள் அவள்தான். "இப்பத்தான் வந்துச்சுங்க. இன்னொரு தடவ எடம் மாத்துனா செத்துரும். தண்ணி மாறுனாலே அதுங்களுக்குப் பயம்."

"ஓ. யாரு பார்த்துக்குறா?"

"நானு. ஐஸ் நான் போடுவேன்." பிறகு என்னைக் கை காட்டினாள். "ஆயா யாங் ஜாகா ஆயேர்."

தண்ணீரைப் பார்த்துக்கொள்வது அப்பா.

அவ்வளவுதான் சொன்னாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். ஒரு வருஷத்துக்குத் தருவதற்கு எழுதுகிறேன், முடிவு மேலே எடுப்பார்கள், கடிதம் வரும் என்றார். நான் தெரிமா காசி, நன்றி, என்றேன். இரண்டு தடவை சொன்னேன் போல. அஞ்சு என் முழங்கையை இடித்தாள்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் அவள் என் முதுகில் சாய்ந்திருந்தாள். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. மரத்த கால் திரும்ப வரும்போது முதலில் வலிக்கும். அந்த வலியும் இன்னும் வரவில்லை. உள்ளதைத்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

6

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் வாளியைப் பார்க்கப் போனேன். தண்ணீர் மாற்றுவதற்காகப் போன வாரம் பிடித்து வைத்தது. அலுவலகம் போகும் நாள் தள்ளித் தள்ளிப் போனதில் அது ஐந்து நாள் அப்படியே நின்றிருந்தது. ஒரு பக்கம் ரப்பர் வளையம் நழுவித் துணி விலகியிருந்தது. மூன்று விரல் அகலம் இருக்கும்.

குனிந்து பார்த்தேன். இருந்தன. இருபது, முப்பது இருக்கும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, என் நிழல் பட்டதும் நெளிந்துகொண்டு கீழே போயின.

வாளியைத் தூக்கினேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் பின்வாசல் வரை போய்விட்டேன். வெயிலில் சுட்ட சிமெண்டுத் தரையில் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. தண்ணீர் தளும்பிக் காலில் சிந்தியது.

"அப்பா, ஊத்தாதீங்க!"

அஞ்சு ஓடி வந்து வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். உள்ளே பார்த்தாள். அதே பார்வை. அன்றைக்குக் கரண்டியைப் பார்த்தது போல. நான் காத்திருந்தேன். ஒரு வருஷமாக வராத அந்த வார்த்தை இப்போது வரும், வரட்டும் என்று நின்றேன்.

"டீ வடிகட்டி எடுத்துட்டு வாங்க" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். வாளியை நடு அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். அவள் வடிகட்டியால் புழுக்களை மொண்டு தொட்டிக்குள் தட்டினாள். அவை தண்ணீரில் நெளிந்துகொண்டே சிரட்டைப் பக்கம் இறங்கின. முதலில் கிச்சாப்பின் தலை வெளியே வந்தது. அசையாமல் நின்றது. பிறகு ஒரே பாய்ச்சல். கண்ணால் பார்க்க முடியாத வேகம். புழு இல்லை.

"சாப்பிட்டான்" என்றாள் அஞ்சு. கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

சம்பாலும் வந்தது. அஞ்சு எண்ண ஆரம்பித்தாள். தமிழில் எண்ணினாள். ஒன்னு, ரெண்டு, மூணு. பன்னிரண்டில் சம்பால் கல் மேல் ஏறிக்கொண்டது. கிச்சாப்பு விடவில்லை. இருபத்தாறில் அவள் வாளியைச் சாய்த்து, டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தாள். வடிகட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். என் வேட்டித் துணியையும் விரித்துப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சுப்பா. ஒன்னுகூட இல்ல."

மிச்சத் தண்ணீரை நான் பின்பக்கம் சிமெண்டில் ஊற்றினேன். உலர்கிற வரை நின்றேன். வாளியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தபோது அவள் தொட்டியின் முன்னால் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா."

"என்னடா?"

"தண்ணி மாத்தணும்ல. வாளில புடிச்சு வைங்க."

நான் போய் வாளியை நிமிர்த்திக் குழாயின் கீழே வைத்தேன். இந்தத் தடவை நானே திருப்பினேன். நிரம்பியது. உள்ளே தூக்கி வந்து வேட்டித் துணியைக் கட்டி ரப்பர் வளையம் போட்டேன். அஞ்சு எழுந்து வந்து வளையத்தைச் சுற்றிலும் இழுத்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் இளக்கமாக இருந்தது. தலைமுடியில் கட்டியிருந்த கறுப்பு ரப்பரைக் கழற்றி, முடி முகத்தில் விழ, அதன் மேல் இன்னொன்றாகப் போட்டாள்.